காட்பாடி முதல் பாகாயம் வரை: போக்குவரத்து மென்பொருள் முகவர்களை ஒருங்கிணைப்பது எப்படி?

கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் நெடுந்தூர ரயில் ஒன்று காட்பாடி சந்திப்பில் வந்து நின்றதும், வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகச் செல்லும் குடும்பங்கள் பெட்டி படுக்கைகளோடு ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகின்றன. அவர்களோடு வி.ஐ.டி மாணவர்களும், சித்தூர்ப் பக்கம் போகிறவர்களும், வேலூரின் தெற்கிலுள்ள பாகாயம் வரை போகிறவர்களும் கலந்து நிற்கிறார்கள். வெளியே ஷேர் ஆட்டோக்களும் நகரப் பேருந்துகளும் விடுதி வேன்களும் காத்திருக்கின்றன. இவை அனைத்தையும் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒருவர் இயக்குவதில்லை. ஆட்டோ நிலையத்தில் வரிசை முறை இருக்கிறது. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் இருக்கிறார். வேன் ஓட்டுநருக்கு விடுதியிலிருந்து அலைபேசி அழைப்பு வருகிறது. பல முடிவுகள் பல இடங்களில், அரைகுறைத் தகவலோடு எடுக்கப்பட்டும் மொத்தத்தில் ஊர் நகர்கிறது என்றால், கணினித் துறையில் பரவல் அமைப்பு என்று சொல்லப்படுவது இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

இந்த வழித்தடத்தையே பயிற்சிக் களமாகக் கொண்டு, ஒவ்வொரு வாகனத்துக்கும் நிறுத்தத்துக்கும் ஒரு மென்பொருள் முகவரை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று ஒத்துழைக்க வைக்கும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. பைத்தான் போன்ற ஒரு மொழியில் நிரல் எழுதத் தெரிந்த, ஆனால் பரவல் அமைப்புகளில் இதுவரை கை வைக்காத வாசகரை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

முகவர் என்று இங்கே நான் குறிப்பிடுவது, ஒரு வாகனத்தின் அல்லது நிறுத்தத்தின் அல்லது பயணியின் சார்பில், தனக்குத் தெரிந்த தகவலை மட்டும் வைத்து முடிவெடுத்து, பிறவற்றோடு செய்திகளின் வழியாக மட்டுமே பேசும் ஒரு சிறு நிரலைத்தான். இன்று ஏஜென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குப் பெரிய மொழி மாதிரிகளே நினைவுக்கு வருகின்றன. வங்க மொழியில் ஒரு பயணி சொல்லும் வேண்டுகோளை ‘மூன்று இருக்கை, ஒரு மடக்குச் சக்கர நாற்காலி, மருத்துவமனை வாசல்’ என்ற படிவமாக மாற்றுவதற்கு அவை நன்றாகவே உதவும். ஆனால் எந்த இருக்கை யாருக்கு என்று தீர்மானிக்கும் இடத்தில் அவற்றை நான் வைக்க மாட்டேன். அங்கே ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் வர வேண்டும், அந்தப் பதிலுக்கான காரணமும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஒரே உரிமையாளரின் பத்து வேன்களை இயக்குவதற்கு முகவர்கள் தேவையில்லை. டான்ட்சிக், ராம்சர் இருவரும் 1959இல் வகுத்துக் கொடுத்த, எந்த வாகனம் எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வாகன வழித்தடக் கணக்கு அந்த அளவுக்குப் போதும். ஒரே கணினியில் சில நொடிகளில் நல்ல விடை கிடைத்துவிடும். வாகனங்களுக்கு உரிமையாளர்கள் பலராக இருக்கும்போதும், அலைபேசித் தொடர்பு அடிக்கடி அறுபடும்போதும், நடுவிலுள்ள ஒரு கணினி நின்றால் எல்லாமே நின்றுவிடக் கூடாது என்னும்போதும்தான் முகவர்களைக் கட்டும் உழைப்புக்குப் பலன் உண்டு.

எது யாருடைய பொறுப்பு

நிரல் எழுத உட்காரும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அமைப்பில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரே ஒரு முகவரின் பெயரை எழுதுங்கள். ஆட்டோவில் எத்தனை இருக்கை காலி என்பதை ஆட்டோ முகவர் மட்டுமே சொல்லலாம். நிறுத்தத்தில் யார் முதலில் வந்தார் என்பதை நிறுத்த முகவர் மட்டுமே சொல்லலாம். பேருந்து எப்போது புறப்படும் என்பது பேருந்து முகவரின் முடிவு; எவ்வளவு தூரம் நடக்க முடியும், எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பது பயணி முகவரின் முடிவு. மற்றவர்கள் அந்தத் தகவலின் நகலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நகலில் ‘எத்தனை மணிக்கு அறிந்தது’ என்ற குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் எழுதிய, கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் பாவனை அமைப்பில், காலி இருக்கைக் கணக்கை ஆட்டோ முகவரிடமும் வைத்தேன், வசதிக்காக நிறுத்த முகவரிடமும் வைத்தேன். சில மணி நேர ஓட்டத்துக்குள் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் நிரலை எழுதுவதில் இரண்டு நாள் போயிற்று. பிறகு அந்த நிரலிலேயே பிழைகள் முளைத்தன. கடைசியில் நிறுத்தத்திலிருந்த கணக்கை அழித்த பிறகுதான் எல்லாம் சரியாயிற்று.

அந்தத் தாளில் யாருடைய பெயரையும் எழுத முடியாத சில இனங்களும் எஞ்சும். வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே உள்ள பாலாற்றுப் பாலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வாகனங்கள் போகலாம் என்பதற்கு எந்த வாகனமும் பொறுப்பாக முடியாது. இத்தகைய பொது வளத்துக்கென்று ஒரு முகவரை நியமிப்பதா அல்லது அதை வெறும் தாமதக் கணக்காக வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். அந்தப் பாலத்துக்கு நான் முகவர் வைக்கவில்லை. பாலத்தைக் கடந்த வாகனங்கள் அறிவிக்கும் நேரத்தின் நடுமதிப்பே போதுமானதாக இருந்தது. சந்திப்புகளில் வாகனங்கள் இடத்தையும் நேரத்தையும் முன்பதிவு செய்து கடக்கும் முறையை டிரெஸ்னர், ஸ்டோன் இருவரும் 2004இல் முன்வைத்தார்கள். அது தானோட்டி வாகனங்களுக்குப் பொருந்தும், வேலூரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் இருசக்கர வாகனங்களுக்குப் பொருந்தாது.

108 ஆம்புலன்ஸ் எந்தப் பேரத்திலும் கலந்துகொள்ளக் கூடாது. அதற்கு வழிவிடுவது பிற முகவர்கள் எடைபோட்டுப் பார்க்கும் முடிவாக இல்லாமல், நேரடிக் கட்டளையாகவே இருக்கட்டும்.

அழைப்பு, கேட்பு, ஒப்பந்தம்

முகவர்கள் ஒரு வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள நெடுநாளாகப் பயன்படும் உரையாடல் முறை, ரீட் ஸ்மித் 1980இல் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறை ஆகும். மென்பொருள் முகவர்களுக்குத் தரங்களை வகுக்க 1996இல் தொடங்கப்பட்ட ஃபிபா (FIPA) அமைப்பு பின்னாளில் அதற்கு ஒரு தர வடிவம் கொடுத்தது. நம் ஊர் ஏலம் தெரிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. வேலை வைத்திருப்பவர் ஓர் அழைப்பை விடுக்கிறார். செய்யக்கூடியவர்கள் எவ்வளவு செலவில் செய்வோம் என்ற தங்கள் கேட்பைச் சொல்கிறார்கள், இயலாதவர்கள் மறுப்பைச் சொல்கிறார்கள். அழைத்தவர் ஒருவரை ஏற்றுக்கொண்டு மற்றவர்களுக்கு இல்லை என்கிறார். ஏற்கப்பட்டவர் வேலையை முடித்ததும் ‘முடிந்தது’ என்றோ, இடையில் முறிந்தால் ‘முறிந்தது’ என்றோ தெரிவிக்கிறார். இந்த ஏழு வகைச் செய்திகளுக்கு மேல் தொடக்கத்தில் எதையும் சேர்க்காதீர்கள்.

மறுப்பை வெளிப்படையாகச் சொல்ல வைப்பது முக்கியம். மடக்குச் சக்கர நாற்காலி வைக்க இடமில்லாத ஆட்டோ பேசாமல் இருந்துவிட்டால், அது மறுக்கிறதா, அதன் தொடர்பு அறுந்துவிட்டதா என்று நிறுத்த முகவருக்குத் தெரியாது. ஒவ்வொரு அழைப்பிலும் கெடு முடியும் வரை வீணாகக் காத்திருக்க நேரும்.

கேட்பில் எந்த எண்ணைச் சொல்வது என்பதில்தான் அமைப்பின் குணமே அடங்கியிருக்கிறது. தூரத்தை மட்டும் எண்ணாகக் கொண்டால், ஏற்கெனவே ஆட்டோவில் அமர்ந்திருப்பவர்களின் நேரத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். நான் பயன்படுத்துவது, இந்தப் பயணியை ஏற்றுவதால் கூடுதலாக ஆகும் நிமிடங்களின் கூட்டுத்தொகை: வாகனம் கூடுதலாக ஓடும் நிமிடங்கள், உள்ளே இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஏற்படும் தாமதம், புதிய பயணி காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் கூட்டியது. காட்பாடியிலேயே உள்ள சித்தூர் பேருந்து நிலையத்தருகே நால்வரை ஏற்றிக்கொண்டு மேலும் ஆள் சேர நிற்கும் ஓர் ஆட்டோ, ரயில் நிலைய வாசலுக்கு 2 நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் வந்து, பெட்டிகளை ஏற்றிப் புறப்படுவதற்குள் உள்ளிருக்கும் நால்வருக்கும் தலைக்கு 4 நிமிடம் தாமதமாகும். அதன் கேட்பு 2, 16, 2 ஆகியவற்றைக் கூட்டி 20. விருதம்பட்டில் இப்போதுதான் ஆளை இறக்கிவிட்டுக் காலியாக நிற்கும் இன்னோர் ஆட்டோ வந்து சேர 9 நிமிடம் ஆகும், பயணியும் அதே 9 நிமிடம் காத்திருப்பார், உள்ளே யாருமில்லை, கேட்பு 18. குறைந்த கேட்புக்கே வேலை என்பதால், தூரத்திலிருந்தாலும் இரண்டாவது ஆட்டோவுக்கே அது போகிறது.

தூரத்தைக் கணக்கிடும்போது நேர்கோட்டை நம்பாதீர்கள். வேலூர் வட்டாரத்தில் ஒரு பாகை என்பது வடக்கு தெற்காக ஏறத்தாழ 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 108 கிலோமீட்டர் என்ற கணக்கை வைத்து இரண்டு புள்ளிகளின் இடைவெளியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பாலாற்றின் எதிர்க்கரையில் நிற்கும் ஆட்டோ வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் தெரியும். பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதோ வேறு கதை. யாரை அழைப்பது என்று முதலில் வடிகட்டுவதற்கு நேர்கோடு போதும். கேட்பு எப்போதும் சாலைத் தூரத்தின் மீதே அமைய வேண்டும்.

அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் செய்திகள் பெருகிவிடும். ஒரு அழைப்பை 40 ஆட்டோக்களுக்கு அனுப்பினால், 40 அழைப்பு, 40 பதில், 40 முடிவு என 120 செய்திகள் ஆகும். ஒரு ரயில் வந்ததும் 30 அழைப்புகள் எழுந்தால் 3600 செய்திகள். அருகிலுள்ள 6 ஆட்டோக்களை மட்டும் அழைத்தால் அதே 30 அழைப்புக்கு 540 செய்திகளே. ஆறில் ஒருவரும் ஒத்துவராவிட்டால் அடுத்த 6 பேரை அழைக்கலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரயில் வருகிறது என்று பொதுவாக அறிவித்தால், எல்லா ஆட்டோ முகவர்களும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே முடிவுக்கு வந்து, அத்தனையும் காட்பாடிக்கு ஓடிவிடும். பழைய பேருந்து நிலையத்தில் ஆளுக்கு ஆட்டோ இருக்காது. ஆகையால் நிறுத்த முகவர் ‘கூட்டம் வருகிறது’ என்று சொல்லாமல், ‘இன்னும் 8 இருக்கை வேண்டும்’ என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் ஆக ஆக அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதுபோலவே, ஒரு முறை ஒப்பந்தமான பயணியை, சற்றே நல்ல வாகனம் கிடைத்ததென்று உடனே மாற்றாதீர்கள். குறைந்தது 3 நிமிடமாவது மிச்சமானால்தான் மாற்றுவது என்ற தடையை வைக்காவிட்டால், பயணியின் திரையில் ஆட்டோ எண் மாறிக்கொண்டே இருக்கும், அவரும் எதிலும் ஏற மாட்டார்.

கெடு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். முகவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் ஒவ்வொரு வாக்குக்கும் கெடு இருக்க வேண்டும். முகவர்களின் புத்திசாலித்தனத்தைக் கூட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினாலே அமைப்பு நிற்கும்.

காரணம் எளிது. ஒரு முகவரிடமிருந்து பதில் வரவில்லை என்றால், அது செத்துவிட்டதா அல்லது மெதுவாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து திட்டவட்டமாக அறிய வழியே இல்லை. செய்தி எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு வரம்பில்லாத ஓர் அமைப்பில், ஒரே ஒரு உறுப்பினர் செயலிழக்கக் கூடும் என்றாலும், எல்லோரும் நிச்சயமாக ஒருமித்த முடிவுக்கு வந்தே தீர்வார்கள் என்று உறுதி கூறும் வழிமுறையை அமைக்க முடியாது என்பதை ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவிக் காட்டினார்கள். ஓட்டுநரின் அலைபேசி மின்கலம் தீர்ந்துபோகும் ஊரில் நாம் அதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

எனவே ஆட்டோ முகவர் ஒரு இருக்கையை ‘தந்தேன்’ என்று சொல்லக் கூடாது. ‘90 நொடிக்குக் குத்தகையாகத் தந்தேன்’ என்று சொல்ல வேண்டும். நிலக் குத்தகையைப் போலவே இதையும் கெடு முடியுமுன் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பிக்காவிட்டால், யாரும் யாரிடமும் கேட்காமலேயே இருக்கை ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். இருபுறமும் தொடர்பு முற்றிலும் அறுந்துபோனாலும் இருவரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்பதுதான் இதன் அழகு.

ஆனால் இருவரின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. அதனால் குத்தகை வாங்கியவர் தம் கெடுவைச் சுருக்கியும், கொடுத்தவர் முழுமையாகவும் எண்ண வேண்டும். நிறுத்த முகவர், வேண்டுகோளைத் தான் அனுப்பிய நொடியிலிருந்து 80 நொடி வரைதான் அந்த இருக்கையை நம்பலாம். ஆட்டோ முகவரோ, தான் சம்மதம் சொன்ன நொடியிலிருந்து 90 நொடி முடியும் வரை அதை வேறு யாருக்கும் தரக் கூடாது. வேண்டுகோள் எப்போதும் சம்மதத்துக்கு முன்பே புறப்படுவதால், செய்தி வழியில் எவ்வளவு தாமதமானாலும் ஒரே இருக்கையை இருவர் நம்பும் நிலை வராது. இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டியதில்லை, ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடினால் போதும் என்பதைக் கவனியுங்கள்.

கெடுவை மணியாக அனுப்பாமல் நொடிக்கணக்காக அனுப்பச் சொல்வதற்கு எனக்குத் தனிக் காரணமும் உண்டு. ஒரு முறை அலைபேசிச் செயலி கெடுவை உலகப் பொது நேரத்தில் அனுப்ப, சர்வர் அதை இந்திய நேரமாகப் படித்தது. இடைவெளி 5 மணி 30 நிமிடம். வந்த கேட்புகள் அனைத்தும் காலாவதியானவை என்று சர்வர் ஒதுக்கிவிட்டது. பிழைச் செய்தி ஒன்றுகூட எழவில்லை. திரை அமைதியாக இருந்தது. ஓர் ஆட்டோவுக்கும் வேலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, கெடு முடிந்ததென்று ஒதுக்கப்படும் கேட்புகளின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டாத எந்த அமைப்பையும் நான் ஓட்டுவதில்லை.

தாமதமாக வந்து சேரும் செய்திகளுக்கும் ஏற்பாடு வேண்டும். முதல் குத்தகை காலாவதியாகி, அதே இருக்கை இன்னொரு பயணிக்குப் போன பிறகு, பழைய ‘ஏற்றுக்கொள்கிறேன்’ செய்தி பாலத்தைத் தாண்டியதும் தொடர்பு கிடைத்து வந்து சேரலாம். ஒவ்வொரு குத்தகைக்கும் ஏறுமுகமாக ஒரு டோக்கன் எண் கொடுத்து, தன்னிடமுள்ள கடைசி எண்ணைவிடக் குறைந்த எண்ணோடு வரும் எதையும் ஆட்டோ முகவர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் நேற்றைய டோக்கனோடு வருபவரை உள்ளே விடாதது போலத்தான்.

ஒரே செய்தி இரு முறை வருவதும் வழக்கமே. அனுப்பியவருக்கு ஒப்புகை வராவிட்டால் அவர் மீண்டும் அனுப்புவார்; முதல் செய்தி தொலைந்ததா, ஒப்புகை தொலைந்ததா என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே செய்து முடித்த எண் திரும்ப வந்தால் வேலையை மறுபடி செய்யாமல் பழைய பதிலையே அனுப்பும்படி எழுதுங்கள். மொய் எழுதுகிறவர் ஒரே கவரை இரு முறை வரவு வைத்துவிடாமலிருக்கப் பெயரைச் சரிபார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

செய்திகளைக் கொண்டுசெல்ல எம்.கியூ.டி.டி நெறிமுறை போதும். ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக 1999இல் உருவாக்கியது அது. மெலிந்த தொடர்பிலும் ஓடும். முகவர்களின் செய்திகளை வாங்கி உரியவர்களுக்குப் பிரித்தனுப்பும் மஸ்கிட்டோ என்ற இலவசத் தரகு மென்பொருளை ஒரு பழைய கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். செய்தி ‘குறைந்தது ஒரு முறை’ போய்ச் சேரும் என்ற தர நிலையை (QoS 1) தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன அடையாள எண் இருப்பதால் இரட்டிப்பு தீங்கு செய்யாது. ஒவ்வொரு முகவரும் இணையும்போதே தன் உயில் போல ஒரு செய்தியைத் தரகரிடம் ஒப்படைத்து வைக்கலாம். தொடர்பு சொல்லாமல் அறுந்தால் தரகரே அதை மற்றவர்களுக்கு அறிவிப்பார். ஒரு முகவர் எதையும் அனுப்பாமல் இருக்கக்கூடிய அதிகபட்ச நேரமான உயிர்ப்புக் கெடுவை 60 நொடி என்று வைத்தால், அதன் ஒன்றரை மடங்கான 90 நொடிக்குப் பிறகுதான் தரகர் தொடர்பைத் துண்டித்து உயிலைப் படிப்பார் என்பதால், இதைக் குத்தகைக்கு மாற்றாக நம்பாதீர்கள்.

பேருந்துகள் சேர்ந்து வராதிருக்க

‘அரை மணி நேரம் ஒன்றும் வராது, வந்தால் மூன்றும் ஒன்றாக வரும்’ என்ற புலம்பலுக்கு ஓட்டுநர்கள் காரணமல்லர். சற்றுத் தாமதமான பேருந்துக்கு அடுத்த நிறுத்தத்தில் அதிகம் பேர் காத்திருப்பார்கள்; அவர்கள் ஏற நேரமாகும்; அதனால் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பேருந்துக்கோ ஆள் குறைவு, அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் இருவரும் 1964இலேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார்கள்.

இதற்கான ஒருங்கிணைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிது. டேகன்சோ 2009இல் வெளியிட்ட ஆய்வின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு சொல்கிறேன். ஒவ்வொரு பேருந்து முகவரும் தனக்கு முன்னால் சென்ற பேருந்தின் நேரத்தை மட்டும் அறிந்தால் போதும். திட்டமிட்ட இடைவெளி 10 நிமிடம்; முன்னால் சென்ற பேருந்து 6 நிமிடத்துக்கு முன்புதான் போயிற்று என்றால், குறைபாடு 4 நிமிடம். அதில் பாதியை, அதாவது 2 நிமிடத்தை மட்டும் நின்று கழித்துவிட்டுப் புறப்பட வேண்டும். முழுக் குறைபாட்டையும் ஒரே இடத்தில் கழித்தால் பயணிகள் சீறுவார்கள், வழித்தடத்தின் வேகமும் குறையும். இடைவெளி ஏற்கெனவே 10 நிமிடத்துக்கு மேல் இருந்தால் நிற்காமல் போக வேண்டியதுதான்.

எந்த இடத்தில் நிற்பது என்பதை மட்டும் நிரலிடம் விடாதீர்கள். ஒதுங்கி நிற்க இடமுள்ள பேருந்து நிலையங்களைக் கையால் குறித்துக் கொடுங்கள். முன்னால் போனது வேறொரு நிறுவனத்தின் தனியார் பேருந்தாக இருந்தால், அதன் முகவர் நம்மோடு பேசாது. நிறுத்த முகவர் ‘கடைசிப் பேருந்து போய் இத்தனை நிமிடம்’ என்று சொல்லும் எண்ணே அப்போது கைகொடுக்கும்.

முதலாளிகள் வேறாக இருக்கும்போது

மேலே சொன்ன ஏலத்தில் எல்லா முகவர்களும் உண்மையான எண்ணைச் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டோம். நாமே எழுதிய முகவர்கள் என்றால் அது சரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் பொருள் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு இதே முறையைக் கொண்டுபோனால், ஒவ்வொரு லாரி உரிமையாளரின் முகவரும் தன் உண்மைச் செலவை மறைத்துக் கேட்கும். அதில் தவறு காண ஒன்றுமில்லை, வியாபாரம் அது.

பொய்கை மாட்டுச் சந்தையில் செவ்வாய்க்கிழமைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, கேட்பு பிறர் கண்ணில் படாமல் இருப்பதன் பயன் தெரியும். கணினியில் இதற்குச் சமமானது மூடிய கேட்பு. அதோடு விக்ரி 1961இல் விளக்கிய இரண்டாம் விலை விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுமைக்கு 4200, 4500, 5100 ரூபாய் என்று மூன்று கேட்புகள் வந்தால், வேலை 4200 கேட்டவருக்கு. கூலியோ அடுத்த கேட்பான 4500. தன் கேட்பு தனக்குக் கிடைக்கும் கூலியைத் தீர்மானிக்காது என்று தெரிந்த பிறகு, செலவைக் கூட்டிச் சொல்வதால் வேலையை இழக்கலாமே தவிர இலாபம் எதுவுமில்லை. ஆனால் கேட்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசிக்கொண்டால் இந்த விதி உடைந்துவிடும். மூன்று பேர் மட்டுமே கேட்கும் ஏலத்தில் அது நடக்காது என்று நம்ப வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

சாலையில் இறங்கும் முன் சூமோ என்ற இலவசப் போக்குவரத்துப் பாவனை மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். ஜெர்மனியின் வான்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய அதில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து காட்பாடி முதல் பாகாயம் வரையான சாலைகளை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். டிராசி என்ற இணைப்பின் வழியாக ஒவ்வொரு நொடிக்கும் பாவனையை நிறுத்தி, முகவர்களின் முடிவை வாகனங்களுக்கு ஊட்டலாம். வரைபடம் அப்படியே சரியாக இருக்காது. ஒருவழிப் பாதைகளையும், பேருந்துகள் உண்மையில் நிற்கும் இடங்களையும் நேரில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். லாங் பஜார்ப் பக்கம் சாலையின் அகலம் வரைபடத்தில் ஒன்று, கடை திறந்த பிறகு வேறொன்று.

ஒரே ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தற்செயல் விதையை, அதாவது பாவனையின் தற்செயல் எண்கள் தொடங்கும் எண்ணை, மாற்றி மாற்றி 30 முறையாவது ஓட்டி, சராசரிக் காத்திருப்போடு மிக அதிகமான காத்திருப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: பத்தில் ஒரு செய்தியைத் தொலையுங்கள், சில செய்திகளை இரட்டிப்பாக்குங்கள், ஒப்பந்தமான மறுநொடியே ஓர் ஆட்டோ முகவரைக் கொல்லுங்கள், தரகரை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். எந்தப் பயணியும் இரண்டு ஆட்டோக்களுக்குச் சொந்தமாகக் கூடாது. எந்தப் பயணியும் யாருக்கும் சொந்தமில்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒவ்வொரு நொடியும் சரிபார்க்கும் தனி நிரல் ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ஒப்பிட வேண்டிய எதிராளி, முகவர்களே இல்லாத இப்போதைய வரிசை முறைதான். ஆட்டோ நிலையத்தில் முதலில் வந்தவர் முதலில் போவது என்பது சோம்பேறித்தனமான ஏற்பாடு இல்லை. எல்லோருக்கும் நாள் வருமானம் ஏறத்தாழச் சமமாக வருவதற்கு அவர்களே கண்ட வழி அது. வெறும் ஏலத்தில், ரயில் நிலைய வாசலருகே எப்போதும் நிற்பவருக்கே வேலை குவியும். அதனால் கேட்பிலிருந்து, காத்திருந்த ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் ஒன்று கழிக்கிறேன். முன்பு சொன்ன கணக்கில், சித்தூர் பேருந்து நிலையத்தருகே நின்ற ஆட்டோ 15 நிமிடம் காத்திருந்திருந்தால் அதன் 20 என்பது 17 ஆகிறது. 18 கேட்ட விருதம்பட்டு ஆட்டோவைத் தாண்டி வேலை அதற்குப் போகிறது. இந்தக் கழிவைக் கூட்டினால் பயணிகளின் காத்திருப்பு கூடும், குறைத்தால் ஓட்டுநர்களிடையே மனக்கசப்பு கூடும். எண்ணை எங்கே நிறுத்துவது என்பதை நிலையத்தில் உள்ளவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் பேச்சுக்காகவே, முதல் இரண்டு வாரம் முகவர்களை நிழலாக மட்டும் ஓட விடுங்கள். அவை முடிவெடுக்கட்டும், பதிவேட்டில் எழுதட்டும், ஆனால் எந்த வண்டியும் அதன்படி நகர வேண்டாம். மாலையில் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனால், முதல் கேள்வி எப்போதும் ‘எனக்கு ஏன் வரவில்லை?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதிவேட்டிலேயே, பேசும் தமிழில், ஒரே வரியில் பதில் இருக்க வேண்டும்: ‘உங்களுக்கு 18, அவருக்கு 20தான், ஆனா 15 நிமிஷம் காத்திருந்ததுக்கு 3 கழிச்சு 17.’